போதை மாமாவின் மதிப்பெண்

தலைமை தாங்குவதோடு, தண்ணீர்க் குவளையையும் என் பக்கம் தள்ளி வைத்திருக்கும் தலைமையாசிரியை அவர்களே! அரைநாள் விடுப்பு எடுத்து வந்து முன்வரிசையை நிறைத்திருக்கும் தாய்மார்களே! கதவோரம் நின்று நழுவத் தயாராயிருக்கும் தந்தையரே! ஆன்றோரே! என் பேச்சை இதுவரை ஒருமுறைகூடக் கேட்காததால் நலமாயிருக்கும் மாணவ மணிகளே! அனைவருக்கும் வணக்கம்.

ஒன்பது ஆண்டுகள்! நூற்றுப் பன்னிரண்டு பள்ளிகள்! போதையின் தீமை பற்றி முழங்கினேன், முழங்கினேன், தொண்டை கட்டும்வரை முழங்கினேன். பிள்ளைகள் எனக்குச் சூட்டிய பட்டம் என்ன தெரியுமா? போதை மாமா! யாரம்மா அங்கே சிரிப்பது? சிரியுங்கள், தப்பில்லை. காய்கறிக் கடையில் ஒரு சிறுமி, "அம்மா, போதை மாமா!" என்று கூவ, என் மனைவி கூடையோடு வேறு தெரு வழியாக வீட்டுக்குப் போய்விட்டாள்.

என் மானம் போனால் போகட்டும், பிள்ளைகள் தப்பினால் போதும் என்றிருந்தேன். தப்பினார்களா? அதை ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. கைதட்டலைக் கேட்டேன், காது நிறைந்தது, கண் மறைந்தது!

சென்ற ஆண்டு ஓர் ஆய்வாளர் அம்மையார் வந்தார். நான் பேசிய பத்துப் பள்ளிகள், பேசாத பத்துப் பள்ளிகள் என்று பிரித்து, பெயர் எழுதத் தேவையில்லாத கேள்வித்தாள் கொடுத்தார். முடிவைச் சொல்ல அழைத்தார். பாராட்டத்தான் கூப்பிடுகிறார் என்று புதுச்சட்டை போட்டுக்கொண்டு போனேன்.

"சார், நீங்க பேசின பள்ளிக்கூடத்துலயும் பேசாத பள்ளிக்கூடத்துலயும், புதுசா போதைக்குப் பழகின பிள்ளைங்க எண்ணிக்கை ஒண்ணுதான்."

"அப்போ என் பேச்சுல யாருமே ஒண்ணும் கத்துக்கலையா?"

"அப்படிச் சொல்ல முடியாது. இதைப் படிங்க."

நீட்டிய தாளில் ஒரு பிள்ளை எழுதியிருந்தது: "பைக்குள் எங்கே ஒளிப்பது என்று அந்த மாமா சொல்லித்தான் தெரிந்தது. நன்றி."

பெற்றோர் விழிக்கட்டும் என்று நான் படம் போட்டுக் காட்டியது அது! வேலியே பயிரை மேய்ந்தது என்பார்கள். இங்கே வேலி, மேய வந்த மாட்டுக்கு வழியும் சொல்லிக் கொடுத்திருக்கிறது!

என்ன செய்தேன்? அறிக்கையை அலமாரியில், துணிகளுக்கு அடியில் ஒளித்தேன். ஒளிப்பதில்தான் நான் ஆசானாயிற்றே! மூன்றாம் நாளே மனைவி கண்டுபிடித்துவிட்டாள். "ஊர்ப் பிள்ளைங்ககிட்ட எதையும் மறைக்காதீங்கன்னு பேசுறீங்க. இது என்ன?" என்றாள்.

மறுநாளே அம்மையாரிடம் போனேன். "எந்தப் பள்ளியிலாவது குறைஞ்சிருக்கா?" என்றேன். ஒன்றைக் காட்டினார். அங்கே நான் பேசியதே இல்லை.

"அவங்க என்னைக் கூப்பிடவே இல்லையேம்மா!"

"அதுவும் ஒரு காரணமா இருக்கலாம் சார்."

அது இந்தப் பள்ளிதான். இங்கே வருகைப் பதிவு பார்க்கும் அக்கா, பிள்ளை வரவில்லையென்றால் பத்து மணிக்குள் வீட்டுக்குத் தொலைபேசியில் கேட்டுவிடுவார். மேடை இல்லை, மாலை இல்லை, முழக்கமும் இல்லை. "இதுதான் காரணம்னு இப்பவே அடிச்சுச் சொல்லாதீங்க. இன்னும் ரெண்டு வருஷம் பார்க்கணும்" என்று அம்மையார் எச்சரித்தார்.

பார்க்கட்டும். நான் அக்காவின் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். எனது முதல் அழைப்பு, தையல் ஆலையில் வேலை செய்யும் ஒரு தாய்க்கு.

"என் பொண்ணு ஸ்கூலுக்குத்தானே சார் வந்தா?"

"வரலைம்மா."

அந்தத் தாய் வேலையை விட்டு ஓடினார். மூடிக்கிடந்த கிடங்குக்குப் பின்னால், புகைக்கும் கூட்டத்துக்கு நடுவே மகளைக் கண்டார். கை இன்னும் நீளவில்லை, நீளப்போகும் நேரம்.

மறுநாள் அந்தப் பெண் என் முன்னால் வந்து நின்றாள்.

"நீங்கதான் போட்டுக் கொடுத்தீங்களா?"

"ஆமாம்மா."

"நாளைக்கு வரலைன்னாலும் கூப்பிடுவீங்களா?"

"கூப்பிடுவேன்."

"எத்தனை நாளைக்கு?"

"நீ வர்ற வரைக்கும்."

"ம்" என்றாள். வகுப்புக்குப் போனாள். ஏழு மாதமாகப் போய்க்கொண்டிருக்கிறாள்.

பெரியோர்களே, தாய்மார்களே! பேசிப் பேசி நான் பெறாததை ஒரு பிள்ளையின் "ம்" எனக்குத் தந்தது! அக்காவின் அறையில் இன்னும் இரண்டு நாற்காலிகள் காலியாக இருக்கின்றன. காலை ஒரு மணி நேரம் தர யார் வருகிறீர்கள்? கதவோரத் தந்தையரே, நழுவாதீர்கள், உங்களைத்தான் கேட்கிறேன்!

திட்டிய மனைவிக்கும், திருத்திய அம்மையாருக்கும், இடம் கொடுத்த அக்காவுக்கும் என் நன்றி. மணி ஒன்பதரை ஆகிறது. இன்று மூன்று பிள்ளைகள் வரவில்லை. நான் போய்க் கூப்பிட வேண்டும். வணக்கம்!