பத்தாவது குண்டை யாரும் சுடவில்லை

1986 செப்டம்பர் 14, ஞாயிறு, பிற்பகல் 3 மணிக்குத் தொடங்கிக் காவல் நிலையத்தில் சொன்னது.

என் பெயர் ஸ்டமேனா வுகாய்லோவிச், வயது 66, காலஞ்சென்ற ராடோவானின் மனைவி. மேற்கு செர்பியாவில் டோன்யா கோசா கிராமத்தில் மேல் தெருக் கடைசி வீட்டில் குடியிருந்து, ஆடு வளர்த்துப் பால்கட்டி விற்று வருகிறேன். ஐந்தாம் வகுப்பு வரை படித்தேன். இங்கே பிடித்து வைத்திருக்கும் வீடோயெ, வயது 23, என் மகன் வயிற்றுப் பேரன். இன்று காலை திஹோமிர் என்பவரின் காதில் குண்டு உரசியது தன்னால்தான் என்று அவன் சொல்லியிருப்பது பொய். துப்பாக்கி என்னுடையது. அந்த நேரத்தில் அது என் கையில் இருந்தது.

அது ஜெர்மன்காரனுடையது, எங்கள் பக்கம் ஷ்மைசர் என்பார்கள். 1943இல் நான் ஜெர்மன்காரர்களை எதிர்த்த போராளிப் படையில் இருந்தபோது எனக்குக் கிடைத்தது. போர் முடிந்து ஆயுதங்களை ஒப்படைக்கச் சொன்னபோது கொடுக்காமல், பன்றிக் கொழுப்பு தடவிய துணியில் சுற்றி மாவுப் பெட்டிக்கு அடியில் வைத்தேன். குற்றம் என்று தெரியும். 41 வருடமாக வாசலில் சீருடை தெரிந்தால் என் கண் முதலில் மாவுப் பெட்டிக்குத்தான் போகும்.

இன்று காலை 10 மணிக்கு வீடோயெயின் கல்யாணத்துக்காகப் பக்கத்து ஊரில் பெண் ரொசந்தாவின் வீட்டுக்குப் போனோம். வழக்கப்படி உயரமான கம்பத்தின் நுனியில் ஆப்பிள் கட்டியிருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் அதைச் சுட்டு விழவைத்தால்தான் பெண்ணை வெளியே விடுவார்கள். வேட்டைத் துப்பாக்கி போதும் என்று மற்றவர்கள் சொல்லியும், பாட்டியின் துப்பாக்கியால்தான் சுடுவேன் என்று வீடோயெ முந்தின நாளே கேட்டிருந்தான். எனக்கும் பெருமையாக இருந்தது, கொடுத்துவிட்டேன். நானே எண்ணிப் பத்துக் குண்டு போட்டேன்.

அதில் ஒற்றைக் குண்டுக்குத் தனி விசை கிடையாது. விசையை விரலால் தொட்டுத் தொட்டு விட வேண்டும். அழுத்திப் பிடித்தால் குண்டுகள் தொடர்ந்து ஓடிவிடும், ஓடினால் குழல் வாய் மேலே வலப்பக்கம் ஏறும். இதை அவனுக்கு இரண்டு தடவை சொன்னேன். அதன் பிறகு அவன் ஆப்பிளைப் பார்த்து அழுத்தினான். எட்டுக் குண்டு போயிற்று. ஓர் இலைகூட விழவில்லை. பெண்ணின் அண்ணன், "மாப்ள ஆப்பிளச் சுடுறாரா, மேகத்தச் சுடுறாரா? சாயங்காலத்துக்குள்ள விழலைன்னா தங்கச்சி எங்களோடவே இருக்கட்டும்" என்று சொல்லவும் எல்லோரும் சிரித்தார்கள். வீடோயெயின் முகம் சிவந்துவிட்டது.

அதன் பிறகு நான் துப்பாக்கியை வாங்கிக்கொண்டேன். "அம்மாச்சி, அது கரண்டி இல்ல" என்று அந்த அண்ணனே சொன்னான். "கரண்டிதான் எனக்குக் கனம், தம்பி" என்றேன். கிட்டத்தில் அது கொஞ்சம் மேலேதான் அடிக்கும் என்பதால், ஆப்பிளுக்கு ஒரு சாண் கீழே கம்பத்தைக் குறி வைத்து ஒரு தரம் தொட்டேன். ஆப்பிள் இரண்டாகப் பிளந்து விழுந்தது.

அதன் பிறகு எல்லோரும் கத்தி என்னைக் கட்டிக்கொண்டார்கள். சுட்டு முடித்ததும், பக்கவாட்டில் இருக்கும் இழுப்புக் கைப்பிடியைப் பின்னால் இருக்கும் காடியில், அதாவது வெட்டில், மாட்டிவிட வேண்டும்; இல்லையென்றால் ஓர் அதிர்ச்சியில் அது தானே முன்னால் ஓடிக் குண்டை வெடிக்க வைக்கும். போரில் ஒரு நாளும் நான் மறந்ததில்லை. இன்று மறந்தேன். உள்ளே ஒரு குண்டு மிச்சம் இருப்பதும் தெரியும், அந்தச் சந்தோஷத்தில் அதையும் மறந்தேன். குழல் வாய் மேட்டுப் பக்கம் சாய்ந்திருக்க, துப்பாக்கியின் அடியை வாசல்படிக் கல்லில் ஊன்றினேன். அது தானாக வெடித்தது.

மேலே சரிவில் 120 அடி எடுத்து வைக்கும் தூரத்தில், வைக்கோல் போர் மேல் நின்று திஹோமிர் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். குண்டு அவர் தொப்பியை ஓட்டை போட்டுக் காதில் உரசியது. தன் மகனுக்கு ரொசந்தாவைக் கேட்டுக் கிடைக்காதவர் அவர். "மாப்ள என்னையக் குறி வெச்சுட்டான்" என்று அங்கிருந்தே கூவினார். உடனே வீடோயெ என் கையிலிருந்து துப்பாக்கியைப் பிடுங்கிக்கொண்டான். "பாட்டி, நீ வாயத் திறக்காத" என்று காதில் சொன்னான். காவலர்கள் வந்தபோது அது அவன் கையில் இருந்தது.

நான் இங்கே வந்து இதைச் சொன்னபோது, பேரனைக் காப்பாற்றப் பொய் சொல்கிறேன் என்று நினைத்து நிலையத் தலைவர் ப்ளகோயெ நம்பவில்லை. நூறு அடி எடுத்து வைக்கும் தூரத்துக்கு மேல் அந்தத் துப்பாக்கி எதிரியைப் பயந்து பதுங்க வைக்கத்தான் உதவும், குறி பார்க்க உதவாது என்றும், பக்கத்து ஆப்பிளை எட்டுக் குண்டில் தொடாதவன் சரிவில் நிற்பவர் காதை ஒரே குண்டில் தொட முடியாது என்றும் சொன்னேன். அதன் பிறகு, துப்பாக்கியைக் காலியாக்கி, கைப்பிடியை இழுத்து, காடியில் மாட்டாமல் தரையில் ஊன்றிப் பார்க்கச் சொன்னேன். இரண்டு தடவை ஒன்றும் ஆகவில்லை. இன்னொரு தடவை ஊன்றுங்கள் என்றேன். மூன்றாவது தடவை, விசையில் விரலே இல்லாமல், கைப்பிடி டக்கென்று முன்னால் ஓடி அடித்தது. "இந்தச் சனியனையா மாவுப் பெட்டிக்கு அடியில வெச்சுத் தூங்கினீங்க?" என்று தலைவர் கேட்டார். "நான் எங்க தூங்கினேன்" என்றேன்.

தொப்பிக்குப் பதில் தொப்பியும் ஒரு முழுப் பால்கட்டியும் தருவதாகத் திஹோமிரிடம் சொல்லி அனுப்பினேன், காதில் கட்டோடு அவரும் கல்யாண விருந்துக்கு வருவதாகச் சொல்லிவிட்டார். துப்பாக்கியை இன்றே ஒப்படைத்தேன், திரும்பக் கேட்க மாட்டேன். ஆயுதம் மறைத்த குற்றத்துக்கு வழக்கு வந்தால் கூப்பிட்ட நாளில் வருகிறேன். வீடோயெயை 4 மணிக்கு விட்டார்கள். கல்யாணப் பதிவாளர் 5 மணி வரை இருப்பாராம். ரொசந்தா கல்யாண உடையோடு வெளியே வண்டியில் உட்கார்ந்திருக்கிறாள்.

இதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். "தற்செயலாக ஆப்பிளில் பட்டது" என்று எழுதியிருந்ததை அடித்து, "குறி பார்த்துச் சுட்டார்" என்று திருத்தச் செய்தேன். மற்றதெல்லாம் நான் சொன்னபடியே, உண்மையாகவே இருக்கிறது. ரேகைக்கு மை கொண்டுவந்தார்கள், வேண்டாம் என்று சொல்லி என் கையாலேயே எழுதுகிறேன்.

(ஒப்பம்) ஸ்டமேனா வுகாய்லோவிச்