லிஃப்டுக்குள்ளிருந்து ஒரு வரி

மேடையில் வீற்றிருக்கும் பொது மேலாளர் அவர்களே, முன்வரிசையில் கலங்கிய கண்களோடு அமர்ந்திருக்கும், மறைந்தவரின் துணைவியார் அக்கா அவர்களே, கட்டுப்பாட்டு அறைத் தோழர்களே, வணக்கம்.

நம் தலைமைப் பொறியாளர், நாம் எல்லோரும் ‘கதவு சார்’ என்று அழைத்த மாமனிதர், போய்விட்டார்! அவருக்குத் துணைப் பொறியாளராக இருந்த என்னை அவருடைய நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறார்கள். உள்ளதைச் சொன்னால், நன்றாக மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

அந்தப் பெயர் எப்படி வந்தது? புதிதாகச் சேரும் யாராக இருந்தாலும் முதலில் லிஃப்டுக்குள் தள்ளி, கதவை மூடி, மின்சாரத்தை நிறுத்திவிடுவார். “அவசர பட்டன அழுத்து. கட்டுப்பாட்டு அறையிலேருந்து பதில் வர்ற வரைக்கும் உள்ளயே இரு. அப்புறமா வேலையப் பத்திப் பேசலாம்” என்பார். நானும் இருந்தேன். சட்டை நனைந்துதான் வெளியே வந்தேன்.

ஏன் இந்தப் பிடிவாதம்? மூச்சிரைப்பு உள்ள ஒரு தையல்கார அம்மா லிஃப்டில் சிக்கினார். அழுத்தினார், பதில் இல்லை. பதறிப்போய் மீண்டும் மீண்டும் அழுத்தினார். அவர் பிழைத்தது மறுபிறவி! நிர்வாகம் என்ன செய்தது? பெரிய இணைய இணைப்பாக வாங்கிப் போட்டது. கதவு சார் அதே லிஃப்டில் போய் உட்கார்ந்து அழுத்திப் பார்த்தார். அதே தாமதம்!

“அனுப்புறது ஒரே ஒரு வரி சார். ரோட்ட அகலப்படுத்துனா ஊர் கிட்ட வந்துடுமா?” என்று கேட்டார்.

அந்த ஒரு வரி கிளம்புவதற்கு முன், லிஃப்டில் உள்ள பெட்டி கடல்கடந்த சர்வரை ‘இருக்கிறாயா’ என்று கேட்டுக் காத்திருந்தது. செய்தியைப் பூட்டி அனுப்புவதற்கான ரகசியச் சாவியை மாற்றிக்கொள்ள மறுபடி காத்திருந்தது. சிக்னல் குறைவால் வழியில் ஒரு பதில் தொலைந்தால் இன்னும் காத்திருப்பு. இதைவிடக் கொடுமை, பட்டனை மறுபடி அழுத்தினால் எல்லாம் முதலிலிருந்து! உள்ளே இருப்பவர் பதறப் பதற உதவி தள்ளிப்போனது. அதைக் கண்டுபிடித்தவர் இவர்தான். சர்வரைப் பக்கத்து ஊருக்குக் கொண்டுவந்தார். ஒவ்வொரு லிஃப்டின் இணைப்பையும் எந்நேரமும் திறந்தே வைத்தார். அழுத்திய கையை எடுப்பதற்குள் “சொல்லுங்க, கேக்குது” என்று குரல் வந்தது.

பொது மேலாளர் அவர்களே, மன்னிக்க வேண்டும். இந்தக் கூட்டத்துக்குக் காரில் வரும்போது என்னிடம் என்ன சொன்னீர்கள்? “சும்மா கெடக்குற இணைப்புக்கு எதுக்குய்யா இவ்ளோ சர்வர்? நாளைக்கே மூடிடுங்க.” அவர் இருந்தவரை உங்களால் அது முடியவில்லை.

மறுத்தால் என் வேலை போகும். தலையாட்டினால், யாரோ ஒருவர் இருட்டுக்குள் அழுத்திக்கொண்டே இருப்பார். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். இங்கே நிற்கும் எனக்கே மூச்சு முட்டுகிறது. இந்த நாற்காலியில் இத்தனை காலம் எப்படி ஐயா உட்கார்ந்திருந்தீர்கள்!

அக்கா, உங்கள் முன்னால் சொல்கிறேன். என் கையால் மூட மாட்டேன். வேறு ஆளை வைத்து மூடலாம். யார் மூடச் சொன்னார்கள் என்பது இனி இந்த அரங்கம் முழுக்கத் தெரியும். மேடையை விட்டு இறங்கி நேரே கட்டுப்பாட்டு அறைக்குத்தான் போகிறேன். விரட்டும்வரை அங்கேதான் இருப்பேன்.