மலை மேல் நிற்கிற சாமி பேர்

“27–2–42. வெள்ளி. தாங்குப் படகுத்துறை. காலை 7.40. மீனாட்சியும் சின்னவனும் ஏறியாயிற்று. நானும் மற்ற இருவரும் அடுத்த படகில்.”

என் குறிப்புப் புத்தகத்தில் அந்தப் பக்கத்தில் இவ்வளவுதான். பென்சில் எழுத்து. கடைசிச் சொல்லை எழுதும்போதே சத்தம் கேட்கிறது.

தெற்கிலிருந்து வருகிறது. முதலில் வண்டு போல. பிறகு மாவு மில் போல. ஒரே ஒரு விமானம். நல்ல உயரம். துறை முழுக்க ஆட்கள். ஒதுங்க ஒரு மரம் இல்லை.

“படுங்க! படுங்க!”

யாரோ தமிழில் கத்துகிறார். மகள் தனத்தைச் சேற்றில் தள்ளுகிறேன். அவள் மேல் தம்பி கண்ணப்பன். இருவர் மேலும் நான். குண்டு விழும்போது துணியைப் பல்லுக்கிடையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று ரங்கூனில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். இருவரும் சட்டை நுனியைக் கடிக்கிறார்கள். நான் சொல்லவில்லை. அவளுக்கு வயது ஆறு. அவனுக்கு நாலு.

குண்டு விழவில்லை. விமானம் ஒரு வட்டம் போட்டது. வடக்கே போய்விட்டது. எழுந்து பார்த்தேன். படகுக்காரன் பயத்தில் கயிற்றை அவிழ்த்திருந்தான். படகு ஐம்பது அடி தள்ளி நிற்கிறது. நூறு அடி. மீனாட்சி படகில் எழுந்து நிற்கிறாள். இடுப்பில் எட்டு மாதக் குழந்தை. அவள் வாய் அசைகிறது. எனக்குக் கேட்கவில்லை.

7.52.

என் பெயர் பழனியாண்டி. பிறந்தது புதுக்கோட்டைச் சமஸ்தானத்துத் திருவரங்குளம். 1934 ஆனியில் ரங்கூன் போனேன். ஓர் அரிசி ஆலையில் டைம்கீப்பர் வேலை. ஆள் வரும் நேரம், போகும் நேரம், சங்கு ஊதும் நேரம், எல்லாம் எழுத வேண்டும். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. கல்யாணமாகி ஊரில் இருந்த மீனாட்சியை மறு வருஷம் அழைத்துக்கொண்டேன். மூன்று குழந்தைகளும் ரங்கூனில் பிறந்தவர்கள். கடைசியாகப் பிறந்தவனுக்குப் பெயர் வைக்கவில்லை. ஊருக்கு வந்து முடி இறக்கி வைக்கலாம் என்று தள்ளிப்போட்டோம். சின்னவன் என்றே கூப்பிட்டோம்.

23–12–41 செவ்வாய் முற்பகல் ரங்கூனில் முதல் குண்டு. மறுபடி 25ஆம் தேதி. 9–2–42 திங்கள், வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்பினோம். பூட்டியது மீனாட்சி. சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள். புரோம் வரை ரயில். ஆற்றைக் கடந்து மலைப்பாதை. பதினொரு நாள் நடந்தோம். வழியில் தண்ணீர் கிடைத்த இடங்களை எழுதினேன். பிறகு வருகிறவர்களுக்கு உதவும் என்று நினைத்தேன். நீரைத் தொட்டுக் கிடந்த பிணங்களைப் பார்த்த பிறகு அதை எழுதுவதை நிறுத்தினேன்.

மலைப்பாதை முடிகிற கடலோர ஊர் தாங்குப். அங்கே இரண்டு நாள் காத்திருந்தோம். அன்று காலை துறையில் ஒருவன் கம்பை வீசிக் கத்தினான்.

“பொம்பளையும் கைப்பிள்ளையும் மட்டும்! ஆம்பளை ஏறாதே!”

மற்ற இரண்டு பிள்ளைகளும் என் கையைப் பிடித்திருந்தார்கள். விடவில்லை. அதனால் அவர்கள் என்னோடு நின்றார்கள். இதை நான் முடிவு செய்யவில்லை. யாரும் முடிவு செய்யவில்லை.

அடுத்த படகு மார்ச் 4ஆம் தேதிதான் கிடைத்தது. சிட்டகாங் சேர்ந்தது 11–3–42 புதன். பிற்பகல் 3 மணி. மூங்கில் தட்டி முகாம். வாசலில் ஒரு வங்காளிக் குமாஸ்தா. அவரிடம் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த பட்டியல். குடும்பத் தலைவர் பெயரை வைத்து வரிசை. பெண்ணாக இருந்தால் கணவன் பெயர். என் பெயரைச் சொன்னேன். ‘பி’ எழுத்தில் விரலை ஓட்டினார். மறுபடி ஓட்டினார். இல்லை என்று தலையை ஆட்டினார்.

மறுநாள் காலையும் போய்க் கேட்டேன். மாலையும் கேட்டேன். அதே விரல். அதே வரிசை. முகாமின் பின்புறம் ஒரு நீளக் கொட்டகை இருந்தது. நோயாளிகளுக்கானது. கயிறு கட்டிக் காவல் போட்டிருந்தார்கள். குழந்தைகளோடு அந்தப் பக்கம் போகாதே என்றார்கள். நான் போகவில்லை.

13ஆம் தேதி எங்களை ரயிலேற்றினார்கள். அவள் எனக்கு முன்னால் ஊர் போயிருப்பாள் என்று கணக்குப் போட்டேன். ஐந்து நாள் முந்திய படகு அல்லவா.

22–3–42 ஞாயிறு. திருவரங்குளம். பகல் 11.20. அக்கா வீட்டு வாசல். அக்கா எங்களைப் பார்த்தாள். பிறகு எங்களுக்குப் பின்னால் தெருவைப் பார்த்தாள்.

“அவ எங்கடா?”

அக்கா வீட்டை ஒட்டி ஓர் அறை தந்தாள். கூரை நல்ல கூரை. ஒரு ஜன்னல். எனக்கு அது ஊர். பிள்ளைகளுக்கு அது வேற்று நாடு. தனம் அப்படித்தான் சொல்வாள். “இந்த நாட்டுல எதுக்குப்பா எல்லாரும் சத்தமாப் பேசுறாங்க?”

இருவரும் தங்களுக்குள் பர்மாப் பாஷை பேசிக்கொண்டார்கள். தண்ணீருக்கு ‘யே’. சோற்றுக்கு ‘தமின்’. அம்மாவுக்கு ‘அமே’. தெருப் பிள்ளைகள் சுற்றி நின்று கேட்பார்கள். தனத்துக்குப் ‘பர்மாக்காரி’ என்று பெயர் விழுந்தது. ரங்கூனில் பக்கத்து வீட்டுப் பெண்கள் கன்னத்தில் ஒரு மரப்பட்டையை அரைத்துப் பூசுவார்கள். இவளும் பூசியிருக்கிறாள். இங்கே கிடைத்த வேப்பம்பட்டையை அரைத்துப் பூசிக்கொண்டாள். கன்னம் வீங்கியது. அக்கா மோர் வைத்துக் கழுவிவிட்டாள். திட்டவில்லை. அது எனக்குத் திட்டினதைவிடக் கஷ்டமாக இருந்தது.

புதுக்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் எழுத்தர் வேலை கிடைத்தது. காலையில் கரியில் ஓடும் பஸ். அந்த பஸ் ஊர் எல்லையில் ஏற்றத்தில் வெடிப்பது போல் ஒரு சத்தம் போடும். முதல் மூன்று மாதம் அந்தச் சத்தம் கேட்டதும் இரண்டு பிள்ளைகளும் கட்டிலுக்கு அடியில் போய்விடுவார்கள். காலை 8.10. மாலை 5.45. சட்டை நுனி வாயில். வைகாசியில் கோயில் வேட்டு போட்டபோது கண்ணப்பனைத் தேடினோம். ஒன்றரை மணி நேரம். குளத்து மதகுக்குள் குப்புறப் படுத்திருந்தான். தெருப் பிள்ளைகள் இதை ஒரு விளையாட்டாக்கிக்கொண்டார்கள். யாராவது ‘டம்’ என்பான். எல்லாரும் குப்புற விழுந்து துணியைக் கடிப்பார்கள். சிரிப்பார்கள். ஒரு நாள் கண்ணப்பனும் சேர்ந்து சிரித்தான். தேதி எழுதியிருக்கிறேன். 9–8–42.

காலையில் தனத்துக்கு நான் தலை பின்னுவேன். அக்கா பார்த்துவிட்டுச் சொல்வாள்.

“ஏன்டா, புள்ளைக்குச் சடை போட்டியா, மாட்டுக்குக் கயிறு திரிச்சியா? ஏத்தா, இங்கிட்டு வா.”

தனம் போகமாட்டாள். கோணல் சடையோடு பள்ளிக்கூடம் போவாள். அம்மா வந்துதான் சரியாகப் பின்ன வேண்டும் என்று அவளுக்கு ஓர் எண்ணம். வேறு கைக்கு விட்டால் அம்மா வரமாட்டாள் என்றும் இருந்திருக்கலாம். நான் கேட்கவில்லை. சாப்பிடும்போது கண்ணப்பன் ஒரு தட்டு கூடுதலாக வைப்பான். ஒன்றல்ல, சின்னவனுக்கும் சேர்த்து இரண்டு. நான் எடுக்கச் சொல்லவில்லை. ஒரு நாள் அவனே ஒன்று மட்டும் வைத்தான். பிறகு வைக்கவில்லை.

ஊரில் எல்லாரும் நல்லவர்கள். ஆனால் வாசலில் வந்து நின்று என்ன பேசுவது என்று யாருக்கும் தெரியவில்லை. துக்கம் விசாரிக்க முடியாது. இறந்த செய்தி இல்லை. சேமம் விசாரிக்கவும் முடியாது. அதனால் வராமல் இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பேச ஆள் இல்லாமல் பழைய பத்திரிகைகளைப் படித்தேன். ஒவ்வொன்றிலும் யுத்தம் எங்கே நிற்கிறது என்று பார்த்தேன்.

சிட்டகாங்குக்கும் கல்கத்தாவுக்கும் பதினொரு கடிதங்கள் எழுதினேன். வந்த பதில்கள் நாலு. நாலிலும் அப்பெயரில் யாரும் இல்லை. ஒரு தமிழ்ப் பத்திரிகையில் காணவில்லை என்று விளம்பரம் கொடுத்தேன். அதைப் பார்த்து 6–12–43இல் ஒரு கடிதம் வந்தது. சிட்டகாங் முகாமில் தொண்டு செய்த தமிழர் ஒருவர் எழுதியிருந்தார். தஞ்சாவூர்ப் பக்கம். அவர் கையில் தன் பங்குப் பட்டியலின் நகல் இருந்தது. பழனியாண்டி என்று யாரும் இல்லை. மீனாட்சி என்ற பெயரில் மூன்று பெண்கள் உண்டு. அதில் கைக்குழந்தையோடு வந்தவள் ஒருத்தி. ‘கணவன் தண்டபாணி. ஊர் திருவரங்கம்.’

என் கணவன் பெயரும் இல்லை. ஊரும் இல்லை. காவிரிக் கரையில் யாரோ ஒரு தண்டபாணியின் மனைவி. கடிதத்தின் மேல் ‘பொருந்தவில்லை’ என்று எழுதித் தேதி போட்டேன். மற்றக் கடிதங்களோடு சேர்த்துக் கட்டிவைத்தேன்.

‘என் கணவன் பெயர்’ என்று மேலே எழுதிவிட்டேன். என் பெயர் என்று இருக்க வேண்டும். அடிக்கவில்லை. இருக்கட்டும்.

நாலு மாதம் அந்தக் கடிதம் அப்படியே கிடந்தது.

தனத்துக்குத் தமிழ் வாசிப்பு மட்டம். வாத்தியார் சொல்லியனுப்பினார். கையெழுத்து வாசித்துப் பழகட்டும் என்று அந்தக் கடிதக் கட்டை அவளிடம் கொடுத்திருந்தேன். 16–4–44. ஞாயிறு. காலை 9 மணி இருக்கும். நான் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். கடிதத்தோடு கிணற்றடிக்கு வந்தாள்.

“அப்பா, இது அம்மாதானே?”

பெயர் வேறு என்றேன். ஊர் வேறு.

“அம்மா ஒங்க பேரச் சொல்லாதுல்ல?”

எனக்குப் புரியவில்லை. அவள் பொறுமையாக விளக்கினாள். எட்டு வயது.

“பழனின்னே சொல்லாதுப்பா. அந்த மலைன்னுதான் சொல்லும். நீங்க வேலைக்குப் போனப்பறம் நானும் தம்பியும் கேப்போம், அப்பா பேரென்ன, அப்பா பேரென்னன்னு. கரண்டிய எடுத்துக்கிட்டு வெரட்டும். ஒரு நா மட்டும் சொல்லுச்சு. மலை மேல கோவணத்தோட நிக்கிற சாமி பேருன்னு.”

கையில் இருந்த துணியைப் பிழிந்தேன். கொடியில் போட்டேன். மறுபடி எடுத்துப் பிழிந்தேன்.

எங்கள் பக்கத்தில் பெண் கணவன் பெயரைச் சொல்ல மாட்டாள். சொன்னால் அவன் ஆயுள் குறையும். இது எனக்குத் தெரியாத விஷயமா? ஒன்பது வருஷம் என்னை ‘இந்தாங்க’ என்றே கூப்பிட்டாள். புத்தகம் படிக்கிறவன் நான். எத்தனையோ தேசத்து வழக்கங்களைப் படித்திருக்கிறேன். சிட்டகாங்கில் அந்த மேஜை முன்னால் என் பெண்டாட்டி என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தோன்றவில்லை. நான் என் பெயரைத் தேடினேன்.

அன்றே எழுதிப்போட்டேன். 3–5–44இல் பதில் வந்தது. நீண்ட கடிதம். அந்தப் பெண்ணை நன்றாக நினைவிருக்கிறது என்று எழுதியிருந்தார். கணவன் பெயரைக் கேட்டதும் வெட்கப்பட்டாளாம். இவ்வளவு தூரம் நடந்து வந்தவர்களில் வெட்கப்பட்டவள் அவள் ஒருத்திதான் என்பதால் மறக்கவில்லையாம். மலை மேல் நிற்கிற சாமி என்றிருக்கிறாள். பின்னால் கூட்டம் தள்ளியது. தண்டபாணியா என்று இவர் கேட்டார். அவள் அந்தச் சாமிதான் என்பதற்குத் தலையாட்டினாள். இவர் எழுதிக்கொண்டார். திருவரங்குளம் என்றது இரைச்சலில் திருவரங்கமாகக் கேட்டிருக்கிறது. அதைத் தன் பிழையாகவே ஒப்புக்கொண்டார். மன்னிப்புக் கேட்டிருந்தார்.

கடிதத்தில் இருந்த தேதிகள். அவள் பதிவானது மார்ச் 8. நோயாளிக் கொட்டகைக்குப் போனது மார்ச் 10. நான் வந்தது 11. நான் கிளம்பியது 13. அவள் இறந்தது 14. காலரா.

கொட்டகைக்கும் நான் தங்கிய இடத்துக்கும் இருநூறு தப்படி இருக்கும். அப்போது அளக்கவில்லை. இப்போது நினைவிலிருந்து சொல்கிறேன்.

அக்காவிடம் படித்துக்காட்டினேன். அத்தான் வயலுக்குப் போயிருந்தார். அக்கா கடிதத்தை வாங்கி மடித்தாள். பிறகு சொன்னாள்.

“என்னய அங்கிட்டு நிறுத்திக் கேட்டிருந்தா, நான் மட்டும் ஒங்க அத்தான் பேரச் சொல்லிருப்பனா?”

தனத்தைக் கூப்பிட்டாள். அன்று தனம் போனாள். தலையை விரித்து உட்கார்ந்தாள். அக்கா எண்ணெய் வைத்து, சிக்கெடுத்து, இரட்டைச் சடை போட்டுவிட்டாள். கண்ணப்பன் ‘அமே’ என்றால் என்ன என்று தனத்திடம் கேட்டான். ஆறு வயது. உண்மையாகவே மறந்திருந்தது.

இதை எழுதுவது 1946 மாசி. எங்களைப் போல நடந்து வந்தவர்கள் எங்கள் பக்கத்து ஊர்களிலும் இருக்கிறார்கள். எழுதியவர் யாரையும் நான் காணவில்லை. அதனால் எழுதுகிறேன். இழந்தவை இவை.

ரங்கூனில் ஒரு வீடு. அதன் சாவி. ஒரு தையல் மிஷின். நாற்பத்தாறு புத்தகங்கள். குறிப்புப் புத்தகத்தில் பிப்ரவரி 15 முதல் 19 வரை உள்ள பக்கங்கள். ஓடையில் நனைந்து போயின. மீனாட்சியின் படம்; ஒன்றே ஒன்று இருந்தது, அவள் பெட்டியில். என் பிள்ளைகளின் பர்மாப் பாஷை. கிளம்பியவர்கள் ஐந்து பேர். ஊர் வந்தவர்கள் மூன்று பேர்.

மீனாட்சி. வயது இருபத்தாறு. இறந்தாள். உறுதியாயிற்று.

சின்னவன். பிறந்தது 19–6–41. வியாழன். விடிகாலை 4.35. வலக் காதுக்குப் பின்னால் மச்சம். பெயர் இல்லை. இறந்தோர் பட்டியலில் அவன் இல்லை. தஞ்சாவூர்க்காரர் எழுதியது இது: தாய் இறந்த அன்று மாலை, தன் பிள்ளையை வழியில் பறிகொடுத்த ஒரு தமிழ்ப் பெண் அந்தக் குழந்தையை வாங்கிப் பால் கொடுத்தாள், மறுநாள் ரயிலில் எடுத்துப் போனாள். இதைக் கொட்டகை ஆயா சொல்லக் கேட்டாராம். அவர் நேரில் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணின் கணவன் பெயர் பட்டியலில் இருக்கிறது. அவள் சொன்ன பெயரா, எழுதியவருக்குக் கேட்ட பெயரா என்று தெரியவில்லை. இன்றுவரை சரிபார்க்கப்படவில்லை.