பதிலளிக்கவில்லை

டெய்லர்: ...இல்ல சார், கீழ அந்தக் கத்திரிக்கோல் படம் இருக்கு. தொட்டா மின்னுது. ஆனா மேல ஒண்ணுமே வர மாட்டேங்குது.

புரோகிராமர்: எங்க கட்டிங் ப்ரோகிராம் திறந்துதான் இருக்கு மேடம். நீங்க பாக்குற இடத்துல இல்ல, அவ்வளவுதான்.

டெய்லர்: இருக்கு, ஆனா கண்ணுக்குத் தெரியாது. கடவுள் மாதிரி.

புரோகிராமர்: கிட்டத்தட்ட... சமீபத்துல கம்ப்யூட்டர்ல ஏதாவது மாத்தினீங்களா?

டெய்லர்: பழைய ஸ்கிரீன் ரெண்டு இருந்துச்சு. காலையில ரெண்டையும் கழட்டிட்டு, புதுசா பெருசா ஒண்ணு மாட்டினோம்.

புரோகிராமர்: அதான் விஷயம். கடைசியா எந்த இடத்துல நின்னுதோ, அந்த இடத்தை அது ஞாபகம் வெச்சுக்கும். வலது பக்கத்து ஸ்கிரீன்ல நின்னுருக்கு. இப்பவும் அங்கதான் போய் நிக்குது.

டெய்லர்: இல்லாத ஸ்கிரீன்ல.

மாஸ்டர்: வீடு காலி பண்ணிட்டுப் போனது தெரியாம, பழைய விலாசத்துல போய்க் கதவைத் தட்டுறவன் மாதிரி.

புரோகிராமர்: யாரு மேடம் அது?

டெய்லர்: எங்க கட்டிங் மாஸ்டர். போனை ஸ்பீக்கர்ல போட்டு வெட்டுற மேஜை மேல வெச்சிருக்கேன். அவரு கையில கத்திரியோட நிக்கிறாரு. நாளன்னைக்கு ஒரு நாடகம் சார். படைவீரனா வர்ற எல்லாருக்கும் கோட்டு நாங்கதான் தைக்கிறோம். துணி இப்பத்தான் வந்து இறங்குச்சு. இருட்டுறதுக்குள்ள வெட்டியாகணும். தைக்கிறவங்க மெஷினைத் துடைச்சு வெச்சுட்டு என் மூஞ்சியைப் பாத்துட்டு உக்காந்திருக்காங்க.

புரோகிராமர்: சரி, பதறாதீங்க. ஷிஃப்ட்டை அழுத்திப் பிடிச்சுட்டு, அந்தக் கத்திரிக்கோல் மேல மவுஸோட வலது... இல்ல, நீங்க வழக்கமா அழுத்தாத பட்டனை அழுத்துங்க.

டெய்லர்: ...அதென்ன, அழுத்தாத பட்டன்?

புரோகிராமர்: சில பேரு இடது கைக்காரங்களா இருப்பாங்க மேடம். பட்டனை மாத்தி வெச்சிருப்பாங்க.

டெய்லர்: ம். சில பேரு இருப்பாங்கதான்.

புரோகிராமர்: ‘மூவ்’னு ஒண்ணு இருக்கா? அதைத் தொட்டுட்டு, கீபோர்டுல இடது அம்புக்குறியை ஒரு தட்டு. அப்புறம் மவுஸை மெதுவா ஆட்டுங்க.

டெய்லர்: ஆட்டுறேன்... வருது. வந்துருச்சு. நாய்க்குட்டி மாதிரி மவுஸ் பின்னாடியே வருது.

புரோகிராமர்: நடுவுல கொண்டுவந்து ஒரு தடவை அழுத்திடுங்க, அங்கேயே உக்காந்துக்கும். திறக்கும்போது அந்த இடத்துல ஸ்கிரீன் இருக்கான்னு ஒரு தடவை பாத்துட்டுப் போய் நில்லுன்னு நான் எழுதியிருக்கணும். இன்னைக்கே எழுதிடுறேன்.

மாஸ்டர்: அப்ப வெட்டலாமா?

டெய்லர்: இருங்க மாஸ்டர், துணியில எந்தத் துண்டு எங்க வரணும்னு முதல்ல அது அடுக்கட்டும். சார், ‘அடுக்கு’ அழுத்துறேன்... போச்சு. மறுபடியும் வெளுத்துருச்சு.

புரோகிராமர்: மேல என்ன எழுதியிருக்கு?

டெய்லர்: ‘பதிலளிக்கவில்லை.’

புரோகிராமர்: இது எப்பலேர்ந்து?

டெய்லர்: ரொம்ப நாளாவே. ஒரு சட்டை, ஒரு பாவாடைன்னா டக்குனு அடுக்கிடும். துண்டு நிறைய ஆனா மூச்சு நின்ன மாதிரி வெள்ளையாயிடும். மாஸ்டர் பாத்துட்டு, செத்துப்போச்சுன்னு சொல்லி மவுஸை நாலு குத்து குத்துவாரு. அப்புறம் நிஜமாவே செத்துப்போகும்.

மாஸ்டர்: பதில் சொல்லலேன்னா என்னம்மா பண்றது? தட்டித்தானே எழுப்பணும்.

புரோகிராமர்: அது சாகல மாஸ்டர். உள்ள வேலை செஞ்சுட்டுத்தான் இருக்கு. எப்படிச் சொல்றது... உங்க கடையில வாசல்ல வர்றவங்களுக்குப் பதில் சொல்றது யாரு?

மாஸ்டர்: அம்மாதான்.

புரோகிராமர்: அவங்களே கத்திரியை எடுத்துட்டு உள்ள போய் உக்காந்துட்டா?

மாஸ்டர்: வாசல்ல வர்றவங்க கத்திக் கத்திப் பாத்துட்டு, கடையில ஆளே இல்லேன்னு போயிடுவாங்க.

புரோகிராமர்: அதேதான். ஸ்கிரீனைப் பாத்துக்கிற ஆளு கையிலேயே அடுக்குற வேலையையும் குடுத்துட்டேன். அவன் உள்ள போனா வெளிய பதில் சொல்ல ஆள் இல்ல. நீங்க குத்துற குத்தெல்லாம் வாசல்ல வரிசையா நிக்குது. அடுக்குறதுக்குத் தனியா ஒரு ஆளை வைக்கணும். முடிஞ்சதும் அவன் வந்து சொன்னா போதும்.

டெய்லர்: அந்த ஆளை இப்பவே வைக்க முடியுமா?

புரோகிராமர்: முடியும். எந்த வரின்னு தெரியும். மாத்திட்டுப் புது ஃபைல் அனுப்புறேன். வெச்சுட்டு அப்புறம் கூப்பிடட்டுமா?

டெய்லர்: வேணாம். லைன்லயே இருக்கேன்.

புரோகிராமர்: சரி.

டெய்லர்: அரிசி புடைக்கிற மாதிரி சத்தம் கேக்குது.

புரோகிராமர்: கீபோர்டு மேடம். பழசு. வீட்லேர்ந்துதான் வேலை பாக்குறேன். கம்பெனின்னு பேரு, ஆளு நான் ஒருத்தன்தான்.

டெய்லர்: சாப்டீங்களா?

புரோகிராமர்: இன்னும் இல்ல... இதோ, ஒரு நிமிஷம், உள்ள சத்தம்.

டெய்லர்: பாப்பா எழுந்துட்டாளா?

புரோகிராமர்: ...ஆமா. எழுந்துட்டா. அவங்கம்மா எடுத்துட்டாங்க.

டெய்லர்: நடக்கிறாளா?

புரோகிராமர்: சுவத்தைப் பிடிச்சுட்டு. விட்டா உக்காந்துடுறா. உக்காந்துட்டு நம்மள முறைப்பா, நாமதான் தள்ளிவிட்டோம்ங்கிற மாதிரி.

டெய்லர்: சில பேரு பொறக்கும்போதே அப்படித்தான்.

புரோகிராமர்: அனுப்பிட்டேன் மேடம். பழசை மூடிட்டு இதைத் திறங்க.

டெய்லர்: திறந்துட்டேன். ‘அடுக்கு’... ஓ. வட்டம் ஒண்ணு சுத்துது. பக்கத்துல ‘நிறுத்து’ன்னு ஒரு பட்டன்.

புரோகிராமர்: விண்டோவை இழுத்துப் பாருங்க.

டெய்லர்: நகருது. வேலையும் நடக்குது, கூப்பிட்டா திரும்பியும் பாக்குது. மாஸ்டர், இங்க வந்து பாருங்க.

மாஸ்டர்: பாத்துட்டுத்தாம்மா இருக்கேன். இப்ப நான் எங்க குத்துறது?

டெய்லர்: குத்த வேணாம். முடிஞ்சுது, அடுக்கிருச்சு. துணி மிச்சமே கொஞ்சம்தான். பிரிண்ட் குடுக்கிறேன்.

மாஸ்டர்: குடும்மா. பொழுது போயிட்டே இருக்கு. கோட்டுக் கையோட காகிதம் வந்துருச்சு, முதுகும் வருது. இதைத் துணி மேல வெச்சு... அம்மா.

டெய்லர்: என்ன?

மாஸ்டர்: நாடகத்துல படைவீரன் பெரியவனா, பொம்மையா?

டெய்லர்: ஏன்?

மாஸ்டர்: இந்தக் கைக்குள்ள என் மணிக்கட்டு போகல.

டெய்லர்: கத்திரியைக் கீழ வைங்க மாஸ்டர். துணியைத் தொடாதீங்க. சார், அளவு சுருங்கிருச்சு. நேத்து வரைக்கும் சரியாத்தான் வந்துச்சு.

புரோகிராமர்: நேத்து வரைக்கும் பழைய ஸ்கிரீன்... ஐயோ. இதுவும் அதேதான் மேடம். அளவை நான் ஸ்கிரீன் புள்ளியை வெச்சு எண்ணியிருக்கேன். புது ஸ்கிரீன்ல புள்ளி ரொம்பப் பொடிசு. எண்ணிக்கை அதேதான், ஆனா நீளம் குறைஞ்சு போச்சு.

டெய்லர்: டேப் இருக்கும்போது விரக்கடையால அளந்த மாதிரி. விரல் மாறினா அளவு மாறிடும்.

புரோகிராமர்: அப்படியேதான். கணக்கை முழுக்க இஞ்சுக்கு மாத்திடுறேன். இது நாலஞ்சு இடத்துல இருக்கு, கொஞ்சம் நேரம் ஆகும். நீங்க சொல்லலேன்னா துணி அத்தனையும் போயிருக்கும்.

டெய்லர்: மாஸ்டர் கையில வெச்சுப் பாத்ததால தப்பிச்சோம். நிதானமாப் பண்ணுங்க சார். அவசரத்துல வெட்டினா ஒட்ட முடியாது.

புரோகிராமர்: ஆமா. அளவு தப்பினா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும் மேடம்.

டெய்லர்: ...உங்களுக்கு எப்படி? நீங்க தைக்கிற ஆளா?

புரோகிராமர்: இல்ல. எங்கக்கா தைப்பாங்க. என் கல்யாணத்துக்கு ஒரு கோட்டு தைச்சுக் குடுத்தாங்க. நான் அதைப் போடல.

டெய்லர்: ஓ.

புரோகிராமர்: கடையில வாங்கினதைப் போட்டுட்டு நின்னேன். அவங்க என்னைத் தூரத்துலேர்ந்து பாத்தாங்க. பக்கத்துல வரல, சாப்பிடவும் இல்ல, கிளம்பிட்டாங்க. அன்னையிலேர்ந்து பேச்சு இல்ல.

டெய்லர்: போடாம இருந்தா யாருக்கும் மனசு நோகும் சார். கோட்டு சட்டை மாதிரி இல்ல. கண்ணு சிவக்க உக்காந்து தைச்சிருப்பாங்க. கொம்புப் பட்டன் தேடிக் கடை கடையா அலைஞ்சிருப்பாங்க.

புரோகிராமர்: கொம்புப் பட்டன்தான்.

டெய்லர்: ...கோட்டுன்னா அதுதான் போடுவோம். பொதுவாச் சொன்னேன்.

புரோகிராமர்: ம்.

டெய்லர்: ஏன் போடல? பிடிக்கலையா?

புரோகிராமர்: ஏறல மேடம். தோள்ல பிடிச்சுது. கையைத் தூக்கினா முதுகுப் பக்கம் தையல் முனகுது. காலையில கதவைச் சாத்திட்டு மூணு தடவை போட்டுப் பாத்தேன்.

டெய்லர்: அதைச் சொல்ல வேண்டியதுதானே.

புரோகிராமர்: வீடு முழுக்க ஆளுங்க. அவங்க பேரு வாங்கின டெய்லர். சொந்தத் தம்பிக்கே அளவு தப்பிருச்சுன்னு ஒருத்தர் சிரிச்சாக்கூட அவங்களால தாங்க முடியாது. அதான், எனக்கு ரெடிமேடுதான் பிடிச்சிருக்குன்னு சொல்லிட்டேன். அது இதைவிட மோசமாப் போச்சு. மேடம்? லைன்ல இருக்கீங்களா?

டெய்லர்: இருக்கேன். அளவு தப்பியிருக்காது சார்.

புரோகிராமர்: இல்ல, நிஜமாவே தோள்ல...

டெய்லர்: கல்யாணம் முடிவான பசங்க எல்லாரும் கடைசி மாசத்துல சதை போடுவாங்க. வீடு வீடா விருந்து. எந்த டெய்லருக்கும் தெரிஞ்ச விஷயம் இது. அதுக்குன்னே உள்பக்கம் துணி விட்டுத்தான் தைப்போம். அந்தத் தோளையும் முதுகையும் பிரிச்சு விட்டிருந்தா, நீங்க முகம் கழுவிட்டு வர்றதுக்குள்ள கோட்டு ஏறியிருக்கும்.

புரோகிராமர்: ...இது எனக்குத் தெரியாது.

டெய்லர்: கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்.

புரோகிராமர்: ஏன் போடலேன்னு அவங்களும் கேக்கல மேடம்.

டெய்லர்: ...ஆமா. அவங்களும் கேக்கலதான்.

மாஸ்டர்: ஏம்மா, அவரு வேலை பாக்குறாரா, நீங்க ரெண்டு பேரும் குடும்பக் கதை பேசுறீங்களா?

புரோகிராமர்: கை வேலையிலதான் இருக்கு மாஸ்டர். வாய்க்குத் தனி ஆளு.

மாஸ்டர்: அதுவும் சரிதான்.

டெய்லர்: இன்னும் சதை இருக்கா?

புரோகிராமர்: யாருக்கு?

டெய்லர்: உங்களுக்குத்தான்.

புரோகிராமர்: அன்னைக்கு இருந்ததுக்கு மேலதான் மேடம். உக்காந்தே பாக்குற வேலை... சரி, அனுப்பிட்டேன். நேரா கோட்டை பிரிண்ட் குடுக்காதீங்க. ‘சோதனைக் கட்டம்’னு ஒண்ணு சேத்திருக்கேன். அதை மட்டும் பிரிண்ட் எடுத்து டேப் வெச்சு அளங்க. எல்லாப் பக்கமும் நாலு இஞ்சு வரணும்.

டெய்லர்: வருது... மாஸ்டர், நீங்களே அளங்க. எனக்கு இப்ப கண்ணு சரியாத் தெரியல.

மாஸ்டர்: குடு. இந்தப் பக்கம் நாலு. இதுவும் நாலு. குறுக்கேயும் பாத்துட்டேன், கோணல் இல்ல. கண்ணுக்கு என்னாச்சும்மா?

டெய்லர்: தூசி. கை பிரிண்ட் குடுக்கிறேன், போட்டுப் பாருங்க.

மாஸ்டர்: ...ம். இது ஆம்பளைக் கை. தோளும் சரியா உக்காருது. வெட்டட்டுமா?

டெய்லர்: வெட்டுங்க.

புரோகிராமர்: கத்திரிச் சத்தம் கேக்குது.

டெய்லர்: கேக்குதா? நல்ல துணி. வெண்ணெய் மாதிரி போகுது. மெஷின்ல இருக்கிறவங்க எல்லாரும் எழுந்து வந்து சுத்தி நிக்கிறாங்க.

புரோகிராமர்: அப்ப எல்லாம் சரியாயிடுச்சு. மறுபடியும் ஏதாவது பிரச்சனைன்னா எப்ப வேணா கூப்பிடுங்க மேடம்.

டெய்லர்: பிரச்சனை வரலேன்னா?

புரோகிராமர்: ...வரலேன்னாலும் கூப்பிடுங்க.

டெய்லர்: ஞாயித்துக்கிழமை கடை லீவு. பாப்பாவுக்கு ஒரு கவுன் தைக்கணும், அளவெடுக்கணும். கூட்டிட்டு வாங்க. அவங்கம்மாவையும்தான்.

புரோகிராமர்: கையை அசைக்காம நிக்க மாட்டா.

டெய்லர்: அதெல்லாம் நான் பாத்துக்கிறேன்.

மாஸ்டர்: ஏம்மா, நானும் அப்பலேர்ந்து பாக்குறேன். கம்பெனி ஆளுங்க இவ்வளவு பொறுமையாப் பேச மாட்டாங்களே. யாரு இவரு?

டெய்லர்: ...என் தம்பி மாஸ்டர்.

மாஸ்டர்: தம்பியா? அப்புறம் எதுக்கும்மா இத்தனை நேரம் சாரு மோரு?

புரோகிராமர்: எப்பலேர்ந்துக்கா தெரியும் உனக்கு?

டெய்லர்: இதை வாங்கும்போதே தெரியும்டா. இந்த ப்ரோகிராம் நீ எழுதினதுன்னு அம்மா சொன்னாங்க. நீ நம்பரை மாத்திட்டே, என் நம்பரையும் அழிச்சிருப்பியோன்னு நினைச்சேன். குரல் அடையாளம் தெரிஞ்சா வெச்சிடுவியோன்னுதான் சார்னு ஆரம்பிச்சேன்.

புரோகிராமர்: அழிக்கலக்கா. நீ கூப்பிட்டப்பவே போன்ல ‘அக்கா’ன்னுதான் வந்துச்சு... நீ வெச்சிடக்கூடாதுன்னுதான் நானும் மேடம்னே சொன்னேன்.