மீன் அவியாத வெளிச்சம்

பாரிஸின் லா சப்பல் நிலையத்தில் மெத்ரோ ரயில் ஏறிய கணவனும் மனைவியும் என் எதிரே அமர்ந்தார்கள். அவர் மடியில் எல்இடி விளக்குப் பெட்டி ஒன்று.

“ராவிலை மீன் பிடிக்க இதை உம்மடை தம்பியின்ரை படகிலை பூட்டினால் மீன் தண்ணிக்கையே அவிஞ்சிடும்,” என்றார் அவர். “ பெட்டியிலை பிரெஞ்சிலை ‘பிளாங் ஷோ’ எண்டு கிடக்கு. ஷோ எண்டால் சூடெல்லே?”

“இஞ்சேருங்கோ, அது நிறம். மஞ்சள் வெளிச்சம். வெள்ளை எண்டால் கலங்கல் தண்ணியிலை பட்டு எங்கடை கண்ணுக்கைதான் திரும்பி அடிக்கும். மீன் தெரியாது.”

“ஜெனரேற்றர் வேண்டாமே?”

“அந்தச் சத்தத்துக்கு மீன் நிக்குமே? பற்றறி காணும்.”

“அம்பு விட்டு மீன் பிடிக்கிறவன் அவன். அவனைக் கேட்டனீரோ?”

“ஏன் கேக்க? இந்தமுறை அவன் படகைத் தள்ளட்டும். அம்பு விடப்போறது நான்.”

அவர் பெட்டியைத் தூக்கி அவள் மடியில் வைத்தார்.