மதகுச் சக்கரத்துக்கு ஒரு சோடிக் கை

அவைத் தலைவர் ஒனிசுகா ஐயா அவர்களே, நகராட்சியின் நல்லோரே, மீனவர் கூட்டுறவின் மூத்தோரே, மேற்கரையில் நெல் வளர்க்கும் பெருமக்களே, சேற்றில் குனிந்து சிப்பி அள்ளிச் சிவந்த கைகளையுடைய தாய்மார்களே, வணக்கம்.

"சத்தமாப் பேசுங்க வாத்தியாரே, கடலுக்குக் கேக்கணும்!" என்கிறார் பின்வரிசையில் ஒருவர். கடலுக்குக் கேட்டு என்ன பயன், ஐயா? கேட்க வேண்டிய சிப்பிகள் செத்துவிட்டன. நம் வீட்டு மிசோ சூப்பில் மிதப்பது வெளியூர்ச் சிப்பி.

வளைகுடாவைக் காக்க நாம் அமைத்த கூட்டமைப்பை இன்று கலைக்கப் போகிறோம். அதற்கு முன் என்னைப் பேசச் சொன்னீர்கள். எனக்குத் தெரிந்தது கொஞ்சம். அதிலும் ஐயம் அதிகம். வரிசையாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

போன வசந்தத்தில் என்ன முடிவெடுத்தோம்? முகத்துவார மதகைத் திறப்போம், கடல்நீரை உள்ளே விடுவோம், சிப்பிக் குஞ்சுகளை வாழவைப்போம் என்றோம். எதிர்த்தவர் உண்டா? இல்லை. வழக்கப்படி கூட்டத்துக்கு முன்பே வீடு வீடாகத் தேநீர் குடித்துச் சம்மதம் வாங்கியிருந்தோம். கூட்டத்தில் ஒரு குரல் எழவில்லை. எழுந்து நின்றோம், கூட்டம் கலையும் முறைப்படி ஒரே தாளத்தில் கைதட்டி முடித்தோம். எத்தனை அழகிய ஒலி! எத்தனை இனிய ஒற்றுமை!

மதகை யாரும் திறக்கவில்லை.

கூட்டுறவை முந்தலாகாது என்று நகராட்சி காத்திருந்தது. நகராட்சியை மீறலாகாது என்று கூட்டுறவு காத்திருந்தது. ஒருவருக்கொருவர் வழிவிட்டு, வழிவிட்டு, வாசலிலேயே நின்றோம். கோடை வந்தது. தேங்கிய நீர் நாறியது.

அந்தக் கோடையில் ஒருநாள் மதகடியில் சிப்பிக்காரர் யோனே அம்மாவும் வயற்காரர் தொகுரா ஐயாவும் பேசியதை நான் கேட்டேன். இருவரும் இங்கே இருக்கிறார்கள், தவறிருந்தால் திருத்தட்டும்.

"என்ன தொகுராண்ணே, நெல்லு செழிப்பா? எங்க சிப்பியப் பாருங்க, வாயப் பொளந்து கெடக்கு. அன்னைக்கு உங்க கைதட்டல்தான் பெரிய சத்தம்!"

"உப்பு வயலுக்குள்ள வந்துருமேன்னு பயம் யோனே."

"அத அப்பவே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல? கரையக் கட்டிக் குடுத்திருப்போமே! நாங்க மண்ணு சுமக்காதவங்களா?"

"எல்லாரும் சரின்னாங்க. நான் ஒருத்தன் மட்டும் எப்படிம்மா..."

எப்படி? அந்த ஒரு சொல்லில்தானே எல்லாம் மூழ்கின! பலர் கூடிச் செய்யும் பணி எதனால் உயிர்பெறும்? எனக்கு இழப்பு வரும் என்று ஒருவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அந்த இழப்பை நாமும் சுமப்போம் என்று மற்றவர்கள் முன்வர வேண்டும். பிறகு யாராவது ஒருவர் எழுந்து போய்ச் சக்கரத்தைத் திருப்ப வேண்டும். பயத்தை மறைத்த சம்மதத்தில் எதுதான் முளைக்கும்?

மதகுக்கு வெளியே கடல் மணல்திட்டில் கொஞ்சம் சிப்பி மிஞ்சியிருக்கிறதாம். அடுத்த கடற்பெருக்கில் மதகு திறந்தால் குஞ்சுகள் உள்ளே வரலாம், வராமலும் போகலாம். யார் திறப்பது? கேட்கிறேன், யார்?

நகராட்சி கூட்டுறவைப் பார்க்கிறது, கூட்டுறவு நகராட்சியைப் பார்க்கிறது. எனக்கு நம்பிக்கை இல்லை, நண்பர்களே.

கைதட்டி முடிக்க எழுகிறீர்கள். இன்று வேண்டாம், அமருங்கள். மதகுச் சக்கரத்துக்கு ஒரு சோடிக் கை போதும். அதைக் கைதட்டலில் செலவழித்துவிடாதீர்கள்.

பொறுத்துக் கேட்டீர்கள், நன்றி. மிஞ்சிய சிப்பிகளுக்கும் என் வணக்கம்.