கடைக்குள் எதிராளிக்கு வாசல்

சிவகாசியிலிருந்து விருதுநகர் போகும் பஸ். எனக்கு முன் சீட்டில் பட்டாசுக் கம்பெனி அண்ணாச்சி ஒருவர். பக்கத்தில், அவர் கம்பெனிக்கு இன்டர்நெட்டில் பக்கம் போட்டுக் கொடுத்த கம்ப்யூட்டர்க்காரர். திருத்தங்கல் தாண்டியதும் அண்ணாச்சி ஆரம்பித்தார்.

“ஏலே, என் கடைக்குள்ள எதுக்கு எதிராளிக்கு வாசல் வச்ச?”

“நான் எங்க வச்சேன் அண்ணாச்சி?”

“கீழ பொடி எழுத்துல உன் பேரு கிடக்கு. அமுக்குனேன். என் விலைப்பட்டியலை மறைச்சுக்கிட்டு ஒரு குட்டி ஜன்னல் வந்து குதிக்கி. அதுல மேலயே அவன் கம்பெனி பேரு.”

“காலண்டர் அடிச்சா கீழ பிரஸ் பேரு போடுதாகள்ல, அது மாதிரிதான். நான் யார் யாருக்குப் பக்கம் போட்டேன்னு காட்டும்.”

“காலண்டர்ல பிரஸ் பேரை அமுக்குனா எவன் கடையும் திறக்காதுலே. தீபாவளி ஆர்டர் குடுக்க வாற வியாபாரி அங்கன போயிட்டா? அவன் சொல்லித்தான வச்ச?”

“வேண்டாம்னா எடுத்துருதேன் அண்ணாச்சி.”

அண்ணாச்சி கேட்டார்.

“அவன் பக்கத்துலயும் உன் பேரு இருக்கா?”

“இருக்கு.”

“அதை அமுக்குனா என் கடை வருமா?”

“வரும். அவக பேருக்கு அடுத்து உங்க பேருதான்.”

அண்ணாச்சி குரலைத் தாழ்த்தினார்.

“அப்ப எடுக்காத. என் பேரை மேல போடு. அவன்கிட்ட மூச்சு விடாத.”

கம்ப்யூட்டர்க்காரர் வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார்.

“அவகளும் இதைத்தான் சொன்னாக அண்ணாச்சி.”